வாரத்துக்கு ஒரு முழுக் கோப்பை

பீர் காய்ச்சும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே உங்களுக்கு பூட்ஸ் கொடுத்திருப்பார்கள். கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான் எல்லாம் கொடுத்திருப்பார்கள். வயிற்றுக்கு மட்டும் ஒன்றும் கொடுத்திருக்க மாட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் பீர் காய்ச்சிவிட்டு இப்போது ஸ்ரீரங்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் நான், அந்த விட்டுப்போன சாமானைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். டேங்க் கழுவுவதும் ஈஸ்ட் பார்ப்பதும் உங்களுக்கு வேறு ஆட்கள் சொல்லித் தருவார்கள். நான் அதற்கென்று படித்து வந்தவன் இல்லை. பாட்டில் பீர் தொழிற்சாலைக்கு பாய்லர் பார்க்கப் போனவன், பக்கத்துக் கூடத்திலிருந்து வந்த மால்ட், அதாவது முளைகட்டி வறுத்த பார்லி, அதன் வாசனையின் பின்னால் போய் அங்கேயே தங்கிவிட்டேன். அங்கே பத்து வருஷம். பிறகு பெங்களூரில் ஒரு பப்பில், அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கிற இடத்தில், பன்னிரண்டு வருஷம்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் எது நன்றாகச் சொன்னாலும் சட்டைப்பை நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன். நான் சொல்லப் போவதில் நல்லதாக இருப்பதெல்லாம் பெரும்பாலும் மற்றவர்கள் சொன்னது. தப்பெல்லாம் என்னுடையது.

என் மனைவி கோமதி ஸ்ரீரங்கத்தில் பள்ளி ஆசிரியை. நான் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ரயிலில் ஊருக்கு வருவேன். எங்கள் தெருவில், "சார் எங்க வேலை பாக்கறாரு?" என்று கேட்டவர்களிடம் கோமதி, "மால்ட் கம்பெனில" என்று சொல்லி வைத்திருந்தாள். பொய் இல்லைதான். ஆனால் எதிர்வீட்டு மாமி, "நம்ம பேரனுக்கு ஒரு டப்பா கொண்டு வரப்படாதோ?" என்று கேட்டுவிட்டார். பாலில் கலந்து குடிக்கிற மால்ட் என்று நினைத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவை வரும்போதும் ஜங்ஷன் பக்கத்தில் ஒரு டப்பா வாங்கி, ஏதோ கம்பெனியிலிருந்து எடுத்து வந்தவன் மாதிரி கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பேரன் நன்றாக வளர்ந்தான். நான் அவனைவிட நன்றாக வளர்ந்தேன்.

அதுதான் விஷயம். பப்பில் சேரும்போது எழுபத்தொன்று கிலோ இருந்தேன். எட்டு வருஷத்தில் தொண்ணூற்றிரண்டு. ஒருநாள் ஜங்ஷனில் கோமதி என்னைக் கூப்பிட வந்திருந்தாள். பெட்டியிலிருந்து இறங்கினேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்ன பாக்கற?"

"உங்களைத்தான் தேடறேன். முதல்ல வயிறு இறங்கிடுச்சு. நீங்க இன்னும் இறங்கலையே."

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏற்றி ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துப் போகாமல், ஆட்டோ பிடித்து நேராகத் தில்லைநகர் அழைத்துப் போனாள். அங்கே ஒரு டாக்டரம்மா. என் பெண் வயசு. ரத்தம், ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, "பீர் குடிப்பீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க டாக்டர்."

"நிறுத்திடுங்க."

"சம்பளமே அதுக்குத்தாங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். கோமதி ஃபேனைப் பார்த்தாள். நான் விளக்கினேன். தினமும் காலையில் பத்தரைக்கு ருசி மேஜை என்று ஒன்று நடக்கும், டேங்கில் இருப்பதில் எது தயார், எது இன்னும் இல்லை என்று மூன்று பேர் ருசி பார்த்துச் சொல்வோம், அதில் நான் ஒருவன் என்றேன்.

"டீ ருசி பாக்கறவங்க துப்பிடுவாங்களே?"

"பீரைத் துப்பினா கசப்பு சரியாத் தெரியாதுங்க. அது முழுங்கும்போது தொண்டையிலதான் தெரியும்."

அவர் மறுபடி பேனாவை எடுத்தார். எங்கள் பப்பில் வருஷத்துக்கு ஒருமுறை மருத்துவச் சான்று கொடுக்க வேண்டும். அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் இந்த டாக்டரம்மாதான். "நாலு மாசம் தரேன். எட்டு கிலோ குறையணும், சர்க்கரை எல்லைக்குள்ள வரணும், ஈரல்ல கொழுப்பு குறையணும். இல்லன்னா பாய்லர் பாக்கப் போகலாம், மூட்டை எண்ணப் போகலாம். ருசி பாக்கிற வேலைக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். அதுவரைக்கும் மேஜையில பாக்கறது ஒரு அவுன்சுக்குள்ள இருக்கட்டும்."

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது டாக்டர் ஒரு சொட்டும் கூடாது என்று சொல்லியிருந்தால், அதோடு முடிந்தது, அங்கே பேரம் கிடையாது. மால்ட் பக்கம் போங்கள், ஈஸ்ட் பக்கம் போங்கள், அங்கேயும் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குச் சொன்னது அது இல்லை. எனக்கு வாசல் கொஞ்சம் திறந்திருந்தது. அந்த வாசலைச் சாத்திவிடாமல் பார்த்துக்கொள்வது என் பாடு.

எங்கள் ருசி அறையின் சுவரில் மூன்று கொக்கிகள் இருந்தன. மூன்றிலும் மூன்று கைப்பிடிக் கோப்பைகள். நடுக் கோப்பை என்னுடையது. எட்டு வருஷத்தில் அதன் கைப்பிடி என் விரலுக்குப் பழகியிருந்தது. எனக்கு வேறு பட்டம் கிடையாது. அந்தக் கொக்கியை இழப்பதா என்றுதான் ரயிலில் படுத்துக்கொண்டு யோசித்தேன்.

யோசித்து ஒரு முட்டாள்தனம் செய்தேன். காலைச் சாப்பாட்டையே நிறுத்தினேன். எழுந்ததும் சர்க்கரை இல்லாத காபி, மத்தியானம் வெள்ளரிக்காய், மோர். சாயங்காலம் ஒரு சப்பாத்தி. அவ்வளவுதான். முதல் பத்து நாளில் மூன்று கிலோ குறைந்தது. கோமதிக்கு போன் செய்து பெருமை அடித்துக்கொண்டேன். "குரலே இளைச்ச மாதிரி இருக்கு" என்றாள். அதைப் பாராட்டு என்று நினைத்து நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இந்தச் சமயத்தில்தான் என் ஏல் டேங்கில் இருந்தது. இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதை நானே யோசித்து உருவாக்கினேன். ஏல் என்பது பீரில் ஒரு வகை; அதிலும் இது ரியல் ஏல் என்று சொல்வார்களே, அது. பீப்பாயில் அடைத்த பிறகும் ஈஸ்ட் உள்ளே உயிரோடு இருந்து மெதுவாக வேலை செய்யும். வாயுவை ஏற்றித் தள்ள மாட்டோம், பல் கூசக் குளிர வைக்க மாட்டோம். கையால் பம்பை இழுத்துத்தான் ஊற்றுவோம். அதையே சாராயச் சத்து குறைவாக, மூன்றரை சதவீதத்துக்குள், ஆனால் வாய் நிறைய ருசியோடு செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. என் மாதிரி வயிற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் தண்ணீர் மாதிரி எதையோ குடித்துவிட்டு 'இதுவும் பீர்தான்' என்று தன்னையே ஏமாற்றிக்கொள்ளாமல், ஒரு கோப்பையை மரியாதையோடு குடிக்க வேண்டும். முதலாளியிடம் ஆறு மாதம் கெஞ்சினேன். அவர் ஈரோட்டுக்காரர். "ஏனுங்க சேகர், இளைக்கிறதுக்குன்னு எவனாச்சும் பப்புக்கு வருவானுங்களா?" என்று கேட்டுக்கொண்டே சம்மதித்தார். பப்பின் ஆண்டு விழா சனிக்கிழமைக்கு ஆறு பீப்பாய்.

புதன்கிழமை காலை ருசி மேஜை. மற்ற இரண்டு பேரில் ஒருவர் விடுப்பில் இருந்தார். இன்னொருவரான முதலாளி வெளியூர். நான் மட்டும்தான். டேங்கிலிருந்து என் கோப்பையில் ஓர் அவுன்ஸ் பிடித்து மூக்கருகே கொண்டு போனேன்.

வெண்ணெய் வாசனை.

கோமதி வெண்ணெய் காய்ச்சும்போது கடைசியில் ஒரு கொத்து முருங்கைக்கீரையைப் போடுவாள். அந்த நிமிஷத்தில் எழும் வாசனை. கண்ணை மூடிக்கொண்டேன். இவ்வளவு இலேசான ஏலில் இவ்வளவு நிறைவா என்று எனக்கே என்மேல் மரியாதை வந்தது. ஒரு வாய் விழுங்கினேன். இரண்டாவது வாய் வேண்டாம், எடை ஏறும் என்று வைத்துவிட்டேன். அட்டையில் 'அருமை, பீப்பாயில் அடைக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இந்தத் தொழிலில் ஒரு மாதம் இருந்தவனுக்குக்கூட வெண்ணெய் வாசனை என்றால் என்னவென்று தெரியும். ஈஸ்ட் தன் வேலையை முடிக்கவில்லை, இன்னும் இரண்டு மூன்று நாள் வெதுவெதுப்பில் விட்டு வை என்று அர்த்தம். எட்டு வருஷத்தில் நான் நூறு தடவை பிடித்து நிறுத்திய வாசனை அது. அன்றைக்கு அதையே நெய் என்று நினைத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கூடம் நிரம்பியிருந்தது. பீர் ஊற்றிக் கொடுக்கும் கவுண்டரில் ஒரு பெண் வேலை பார்த்தார். பெயரை எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. எங்கள் பப்பில் ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். நான் 'ஸ்ரீரங்கம்.' அந்தப் பெண் 'மண்ணச்சநல்லூர்.' அப்பா அங்கே அரிசி மில்லில் நெல் அவிக்கிறவர். பெங்களூரில் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் சந்தித்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தினமும் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொள்வோம்.

ஏழு மணி இருக்கும். மண்ணச்சநல்லூர் ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பதினோரு கோப்பைகளை என் முன்னால் வரிசையாக வைத்தார். எல்லாவற்றிலும் பாதி ஏல் மிச்சம்.

"அண்ணே, இத பாருங்க."

"சின்னப் பசங்க. ரியல் ஏல் புரிய கொஞ்ச நாள் ஆகும்."

"புரியலன்னா ஒரு வாய்ல வெச்சிருப்பாங்கண்ணே. இவங்க எல்லாரும் சரியாப் பாதி குடிச்சிருக்காங்க. முதல் பாதி நல்லாருக்கு. அடுத்த பாதி திகட்டுது. நான் இப்பதான் ஒரு கிளாஸ் குடிச்சுப் பாத்தேன், எனக்கும் அங்கதான் நின்னுச்சு. நீங்க ஒரு கிளாஸ் முழுசா குடிச்சீங்களா?"

"நான் இப்ப ஒரு வாய்தான் பாக்கறேன். எடை."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "புதன்கிழம காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடல."

"அட போங்கண்ணே! எங்கப்பா வெறும் வயித்தோட ஊறல் தொட்டிகிட்டயே போக மாட்டாரு. நெல்லு ஒருநாள் அதிகமா ஊறிட்டா நாறும் இல்ல? அத மோந்து பாத்துச் சொல்றது அவரு வேல. ரெண்டு இட்லியாவது தின்னுட்டுத்தான் மோந்து பாப்பாரு. பசியில எல்லாமே சோத்து வாசமாத்தான் அடிக்கும்னு சொல்லுவாரு."

பசியில் எல்லாமே சோற்று வாசமாகத்தான் அடிக்கும். இதை நோட்டில் எழுதவில்லை. எழுதத் தேவைப்படவில்லை.

கவுண்டரிலிருந்து இரண்டு முட்டை வரவழைத்து நின்றபடியே தின்றேன். பத்து நிமிஷம் கழித்து, மிச்சம் வைத்த அந்தக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்றை ஊற்றி மோந்து பார்த்தேன். கெட்டுப்போன வெண்ணெய். ஒளிந்துகொள்ளக்கூட இல்லை, வாசலிலேயே நின்றிருந்தது.

இப்போது என்ன செய்வது? இந்த இடம்தான் உங்களுக்காக. கூடம் முழுக்க ஆள். முதலாளியின் விருந்தாளிகள் முன்வரிசையில். எனக்கு ஒரு தந்திரம் தெரியும், எல்லாக் காய்ச்சுபவர்களுக்கும் தெரியும். நன்றாகக் குளிர வைத்துவிட்டால் அந்த வாசனை அடங்கிவிடும். பீப்பாயை அரை மணி நேரம் ஐஸில் உருட்டினால் போதும், யாருக்கும் தெரியாது. சான்று வர இன்னும் மூன்றரை மாதம் இருக்கும்போது, என் பெயரில் வந்த முதல் ஏலை நானே நிறுத்தினால் அந்தக் கொக்கி என்ன ஆகும் என்றும் தெரியும். கை ஐஸ் பெட்டி வரைக்கும் போனது, மறைக்காமல் சொல்கிறேன். மண்ணச்சநல்லூர் காலித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் வாக்குவாதம் செய்திருப்பேன். அந்தப் பதினோரு கோப்பைகளைத் திரும்பவும் பார்த்தேன். பதினோரு பேர் வாரம் முழுக்க உழைத்துவிட்டு வந்து பாதியில் வைத்துவிட்டுப் போன ஆசை அது.

"பம்பை நிறுத்திடும்மா. குடிச்சவங்களுக்கு வேற ஊத்திக் கொடு" என்று சொல்லிவிட்டு முதலாளியிடம் போனேன்.

அவர் கூட்டத்துக்கு நடுவில் சிரித்தபடியே கேட்டுக்கொண்டார். ஆறு பீப்பாயையும் சாக்கடையில் விட்ட பிறகு, திங்கள்கிழமை ருசி அறைக்கு வந்தார். நடுக் கொக்கியிலிருந்து என் கோப்பையை எடுத்துப் பீரோவில் வைத்தார்.

"கோபமில்லீங்க சேகர். நிறுத்தினதுக்கு மரியாத. ஆனா பாஸ் பண்ணதும் நீங்கதான? மூணு மாசம் போகட்டும். மூக்கு திரும்பி வந்துதுன்னா சொல்லுங்க."

அந்த மூன்று மாதத்தைப் பற்றி என்ன சொல்வது? காலை பத்தரைக்கு அந்த அறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்கும். நான் வெளியே மால்ட் மூட்டை பிரித்துக்கொண்டிருப்பேன். உள்ளே கோப்பைகள் மேஜையில் வைக்கப்படும் சத்தம், யாரோ 'ம்' என்று சொல்வது, எல்லாம் கேட்கும். என்ன ருசி என்று மட்டும் தெரியாது. ஒரு ஆளுக்கு ஊர் மாற்றல் வந்தால்கூட அவ்வளவு தூரமாக இருக்காது. நடுவில் ஒரு சுவர்தான்.

மண்ணச்சநல்லூர் என்னை மேய்க்க ஆரம்பித்தார். அந்தப் பெண்ணுக்கு அப்போது இருபத்தேழு வயசு, எனக்கு ஐம்பத்தாறு. காலையில் கேட்டிலேயே நிறுத்தி, "ஆச்சா?" என்பார். இட்லி ஆச்சா என்று அர்த்தம். தினமும் மாலை ஏழு மணிக்கு மேல் நான் தின்கிறதை நோட்டில் எழுதச் சொன்னார். மனிதர்கள் சொன்னதை எழுதுகிற நோட்டு, நான் தின்றதை எழுதுகிற நோட்டாயிற்று. ஒரு வாரம் கழித்து வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அண்ணே, நீங்க பீரால குண்டாகல. பீருக்குப் பக்கத்துல இருந்ததால குண்டாகியிருக்கீங்க."

"அதென்னம்மா?"

"படிங்களேன். வறுத்த கடல, மொளகா பஜ்ஜி, சிக்கன் சிக்ஸ்டிஃபைவ், மறுபடி கடல. வேல முடிஞ்சு பிரியாணி. பீரு நடுவுல எங்கயோ ஒரு மூலையில உக்காந்திருக்கு, பாவம்."

பாதி உண்மை. பீரும் தன் பங்குக்குச் செய்திருந்தது. வேலை முடிந்ததும் நின்றபடியே, பேசியபடியே, எது என்னவென்று பார்க்காமல் இரண்டு மூன்று கோப்பை போய்க்கொண்டிருந்தது. அதில் ஒன்றையாவது நான் குடித்தேனா என்று யோசித்தால் நினைவில்லை. உள்ளே போயிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்போதுதான் எனக்கு ஒரு கணக்கு பிடிபட்டது. ஒரு வாய் பார்த்தால் பீர் தெரியாது, அந்தப் பதினோரு கோப்பைகள் அதைச் சொல்லிவிட்டன. இரண்டாவது பாதியைக் குடித்தால்தான் தெரியும். அதனால் மேஜையில் ஓர் அவுன்ஸ், அது வேலை. வாரத்துக்கு ஒரு முழுக் கோப்பை, அது எனக்கு. சனிக்கிழமை, சாப்பிட்ட பிறகு, உட்கார்ந்து, பக்கத்தில் தட்டு எதுவும் இல்லாமல். மற்றவை கிடையாது. டாக்டரம்மாவிடம் போனில் சொன்னேன். "ஒண்ணுன்னா ஒண்ணுதான? உங்க கோப்பை வாளி சைஸ்ல இருக்காதே?" என்று கேட்டு ஒப்புக்கொண்டார்.

ஊருக்கு வரும்போது காலையில் சித்திரை வீதிகள் நான்கையும் சுற்றினேன். தேர் சுற்றுகிற வீதி, எனக்கும் பொருத்தமாகத்தான் இருந்தது. மாமி வாசலில் கோலம் போட்டுக்கொண்டே, "மால்ட் சாப்பிட்டும் இளைச்சுண்டே வரேளே!" என்று ஆச்சரியப்பட்டார்.

நான்காவது மாதம் தில்லைநகர். எட்டு கிலோ குறையவில்லை, ஆறுதான் குறைந்தது. சர்க்கரை எல்லைக்குள் வந்திருந்தது. ஈரலும் பரவாயில்லை. டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பரீட்சை எழுதிய வயசில்கூட எனக்கு அவ்வளவு பயம் இருந்ததில்லை.

"முதல் மாசம் மூணு குறைஞ்சு, அப்புறம் ரெண்டு ஏறி, அப்புறம் மெதுவா அஞ்சு குறைஞ்சிருக்கு. எதுக்கு நடுவுல ஏறிச்சு?"

"சாப்பிட ஆரம்பிச்சேங்க."

"அதுக்குத்தான் கையெழுத்துப் போடறேன்" என்றார். "பட்டினியில வந்த எட்டு கிலோவா இருந்தா யோசிச்சிருப்பேன்."

முதலாளி சும்மா விடவில்லை. திங்கள்கிழமை மூன்று கோப்பைகளை மூடி வைத்து, எதில் வெண்ணெய் என்று கேட்டார். இரண்டு இட்லி வயிற்றில் இருந்தது. மூன்றாவதன் மூடியைத் திறந்ததும், மூக்குக்குக் கொண்டு போவதற்கு முன்பே கையை நீட்டித் தள்ளி வைத்தேன். அவர் பீரோவைத் திறந்து என் கோப்பையை எடுத்து, தன் சட்டை நுனியால் துடைத்து, நடுக் கொக்கியில் மாட்டினார்.

பிறகு அந்த ஏலை மறுபடி காய்ச்சினோம். இந்தத் தடவை மூன்று நாள் கூடுதலாகக் காத்திருந்தோம். பீப்பாய் திறந்த சனிக்கிழமை மத்தியானம், கூடத்தில் யாரும் இல்லாத நேரம், மண்ணச்சநல்லூர் பம்பை மூன்று இழுப்பு இழுத்து எனக்கு ஒரு கோப்பை ஊற்றினார். வெல்லப்பாகு நிறம். மேலே விரல் கனத்துக்கு நுரை. முதலில் ரொட்டியின் மேல்தோல் வாசனை, அப்புறம் ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் வருமே, அது. பாதிக்கு வந்தபோது கொஞ்சம் வெதுவெதுப்பாகி, அதுவரை ஒளிந்திருந்த ஒரு கசப்பு மெல்ல வந்து நாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தது. இரண்டாவது பாதி முதல் பாதியைவிட நன்றாக இருந்தது. ஒரு கோப்பைக்கு ஐம்பது நிமிஷம் எடுத்துக்கொண்டேன். காலிக் கோப்பையின் உள்பக்கத்தில் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு வளையமாக நுரை ஒட்டியிருந்தது. மண்ணச்சநல்லூர் எண்ணிப் பார்த்து, "பதினேழு வாய்" என்றார்.

அந்த மாதிரி நான்கு வருஷம், சனிக்கிழமை சனிக்கிழமையாக. பிறகு ஓய்வு. கோப்பையைக் கொக்கியிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

இப்போது ஸ்ரீரங்கத்தில் எடை எழுபத்தெட்டு. வாரத்துக்கு ஒரு கோப்பை என்ற அனுமதி அப்படியே இருக்கிறது. அதை எதில் செலவழிப்பது? இங்கே கடையில் கிடைப்பது பாட்டில் பீர், சாராயச் சத்து ஏற்றியது, பல் கூசும் குளிரில் தருவது. அதைக் குடிக்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை, நானே பத்து வருஷம் அதைச் செய்தவன். ஆனால் வாரத்துக்கு ஒன்றுதான் என்றால் மனசு அதற்கு ஒப்பவில்லை. அதனால் சனிக்கிழமை சனிக்கிழமையாக என் கோப்பை குடிக்கப்படாமலே போகிறது. "எல்லாத்தையும் சேத்து வெச்சு ஒரே நாள்ல குடிச்சிடலாம்னு திட்டம் போடாதீங்க" என்கிறாள் கோமதி. வருஷத்துக்கு இரண்டு தடவை பெங்களூர் போய் வருகிறேன். மிச்சம் ஐம்பது சனிக்கிழமை இருக்கிறதே.

சில நாள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி மண்ணச்சநல்லூர் போகிறேன். காலையில் மில்களில் நெல் அவிப்பார்கள். அந்த ஆவி தெருவுக்கு வரும். மால்ட்டைச் சுடுதண்ணீரில் போட்ட முதல் கால் மணி நேரம் எப்படி இருக்குமோ, கிட்டத்தட்ட அதே வாசனை. வண்டியை ஓரமாக நிறுத்தி, செல்போன் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டிருப்பேன். கிட்டத்தட்டத்தான். கடைசியில் அது சோறாகப் போய்விடும்.

இதை ஏன் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன் என்றால், போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை பத்தரைக்கு போன் வந்தது. மண்ணச்சநல்லூர். இப்போது அவர்தான் அங்கே ருசி மேஜைத் தலைவி. கல்யாணமாகி, ஒரு குழந்தை.

"அண்ணே, உங்க ஏல்தான். சனிக்கிழமைக்கு வேணும். எனக்கு சரியாத்தான் தோணுது. நல்லா வெண்ண மாதிரி, ரொம்ப நிறைவா... ஆனா ஏதோ உறுத்துது. பாஸ் பண்ணிடவா?"

என் கை தானாக நீண்டது. கோப்பையை வாங்க. இங்கே என் மேஜையில் செய்தித்தாளும் மூக்குக்கண்ணாடியும்தான் இருந்தன. முன்னூறு கிலோமீட்டருக்கு அப்பால் அது நுரைத்துக்கொண்டிருந்தது. போனில் எல்லாம் வருகிறது, வாசனை மட்டும் வருவதில்லை. நான் ஒன்றும் சொல்ல முடியாது. கேட்கத்தான் முடியும்.

"ஆச்சா?"

அந்தப் பக்கம் கோப்பையை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"என்னம்மா, ஆச்சான்னு கேட்டேன்."

"...குழந்த பொறந்ததுலேருந்து பதினாலு கிலோ ஏறிப்போச்சுண்ணே. பதினாறு மணி நேரம் சாப்பிடாம இருக்கிற ஒரு டயட். இன்னிக்குப் பன்னெண்டு மணி வரைக்கும் சாப்பிடக் கூடாது." பிறகு அவரே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். சிரிப்பு நிற்க நேரமாயிற்று. "எங்கப்பா இப்ப இருந்திருந்தா செருப்பால அடிச்சிருப்பாரு."

"போய் ரெண்டு இட்லி தின்னுட்டு வா."

இருபத்தைந்து நிமிஷம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டார். "வாசல்லயே நிக்குதுண்ணே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சனிக்கிழமைக்கு வேறொன்றைப் போட்டுக்கொண்டார்கள். ஏல் மூன்று நாள் கூடுதலாகக் காத்திருந்தது.

அதற்கு அடுத்த சனிக்கிழமை மத்தியானம். நானும் கோமதியும் சாப்பிட்டு முடித்திருந்தோம். போன் அடித்தது.

"அண்ணே, பேசாதீங்க. போனைக் கவுண்டர்ல வெக்கறேன். கேளுங்க."

பம்பின் கைப்பிடி கிறீச்சென்று இறங்கியது. ஒரு இழுப்பு. இரண்டு. மூன்றாவது நீளமாக. கோப்பையின் அடியில் விழும்போது ஒரு சத்தம், நிறைய நிறைய வேறொரு சத்தம். அப்புறம் எல்லாம் அடங்கி, நுரை மட்டும் மெல்லச் சிணுங்கியது, தூரத்தில் யாரோ பட்டுச்சேலை மடிக்கிற மாதிரி. கைப்பிடியில் மோதிரம் இடிக்கும் சத்தம் வந்தது. நடுக் கொக்கிக் கோப்பையைத்தான் எடுத்திருக்கிறார். மற்றதற்கு அந்தக் கணீர் கிடையாது. பிறகு அவர் ஒரு வாய் விழுங்குகிற சத்தம்.

கோமதி தட்டைக் கழுவிவிட்டு வந்து பார்த்தாள். "யாரு போன்ல? ஒரு வார்த்தை பேசாம உக்காந்திருக்கீங்க?"

கையைக் காட்டி அவளை இருக்கச் சொன்னேன். முதல் வாய் ஆகியிருந்தது. இன்னும் பதினாறு இருந்தது.